வெளிநாட்டிலிருந்து வரும் கைத்தொலைபேசி: அது புறப்படுமுன் பூட்டுகளை நீக்குவிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்குக் கைத்தொலைபேசி கடையிலிருந்து வருவதில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் சித்தப்பாவோ அக்காவோ தாம் பாவித்ததை, சில வேளை புதிதாக வாங்கியதை, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறார்; வர முடியாதபோது ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறார். இங்குள்ளவர் தமது சிம் அட்டையைப் போட்ட பிறகுதான் அந்தப் போன் இயங்க மறுப்பது தெரியவருகிறது. முழு விலையும் கொடுத்து வாங்கிய ஒரு பொருள், விற்ற நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இன்னொருவர் கையில் வேலை செய்யாது என்பது நியாயமான வழக்கம் என்று எவரும் என்னை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. சில நாடுகளில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமும் விதிகளும் வந்துவிட்டன. ஆனால் அவை தரும் உரிமை போன் விற்கப்பட்ட நாட்டில், அதை வாங்கியவர் பெயரில் இருக்கிறது. போனோடு சேர்ந்து கட்டுநாயக்காவுக்கோ பலாலிக்கோ அது வருவதில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகளில் முக்கியமானவை அனுப்புகிறவர் செய்ய வேண்டியவை. முதலில் நீங்கள் வாசித்து, பின்னர் அவரையும் வாசிக்கச் செய்யுங்கள்.

வலையமைப்புப் பூட்டு

ஒரு தொலைபேசி நிறுவனம் தான் விற்ற போனில் தன்னுடைய சிம் அட்டை மட்டுமே இயங்கும்படி செய்து வைப்பதே இந்தப் பூட்டு. ஐபோனில் இதைப் பார்ப்பது எளிது. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று வரிசையாகச் சென்றால், கீழ்ப்பகுதியில் ‘கெரியர் லொக்’ அல்லது ‘நெட்வேர்க் புரொவைடர் லொக்’ என்ற வரி இருக்கும். அதற்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. அன்ட்ராய்ட் போனில் நம்பகமான சோதனை, வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டுப் பார்ப்பதுதான். திறப்பு இலக்கம் கேட்டால் அது பூட்டப்பட்ட போன். அப்போது ஊகித்து இலக்கங்களை அழுத்த வேண்டாம். பல போன்கள் குறிப்பிட்ட சில தவறான முயற்சிகளுக்குப் பின் சரியான இலக்கத்தையும் ஏற்காத நிலைக்குப் போய்விடும்.

பூட்டு இருந்தால் அதை நீக்கும்படி கேட்க வேண்டியது போனை விற்ற அந்த நிறுவனத்திடம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய போன்கள் பூட்டு இல்லாமலேயே விற்கப்பட வேண்டும் என்பதும், அதற்கு முன் விற்கப்பட்டவற்றைக் கேட்டவுடன் கட்டணமின்றித் திறந்து கொடுக்க வேண்டும் என்பதும் ஒழுங்குவிதி. பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போன்களை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. பிரான்சில் வாங்கி மூன்று மாதம் கடந்தபின் வாடிக்கையாளர் கேட்டால் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நிலைமை வேறு: அங்கே ஒவ்வொரு நிறுவனமும் தன் நிபந்தனைகளை வகுத்து வைத்திருக்கிறது, தவணைப் பணம் முழுவதும் கட்டி முடியாத போனைப் பெரும்பாலும் திறந்து கொடுப்பதில்லை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் போன் தருவதாகச் சொன்னால், தவணை மிச்சம் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அனுப்புகிறவர் நிறுவனத்தோடு பேசுமுன் போனில் *#06# என்று அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பேசும்போது, ‘உங்கள் வலையமைப்பில் பிரச்சினையா’ என்ற பேச்சுக்குள் இழுபடாமல், ‘இந்த எண்ணுடைய போனின் வலையமைப்புப் பூட்டை நீக்குங்கள், நீக்கியதை எழுத்தில் அறிவியுங்கள்’ என்று அதையே கேட்பது நல்லது. திறந்துவிட்டதாகப் பதில் வந்த பிறகும், வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்துப் பார்த்த பின்னரே போனைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்ப்பவர்களே அதிகம். அங்கே சில நிமிடங்களில் முடியும் வேலை, போன் இங்கு வந்தபின் மாதக் கணக்கில் இழுபடுகிறது.

நகரத்துக் கடைகளில் சிம் அட்டையோடு ஒட்டி வைக்கும் மெல்லிய சிப் ஒன்றைப் போட்டு, பூட்டிய ஐபோனை இயக்கித் தருவார்கள். ஆர்-சிம் என்பது அதன் பெயர். அது பூட்டை நீக்குவதில்லை, போனை ஏமாற்றி வைக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தால் அந்த ஏமாற்று வேலை செய்யாமல் போகலாம். பாவித்த ஐபோன் வாங்கும்போது சிம் தட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். அட்டையோடு இன்னொரு தகடு இருந்தால் அது பூட்டிய போன், அதற்கேற்ற விலையே கொடுக்க வேண்டும்.

சாம்சங் போன்களில் பிராந்தியப் பூட்டு என்று வேறொன்றும் உண்டு. குறிப்பிட்ட பிராந்தியத்துக்கென விற்கப்படும் போன், முதன்முதலில் அந்தப் பிராந்தியத்தின் சிம் அட்டையோடு பாவிக்கப்பட வேண்டும் என்ற அறிவிப்பு பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். புதிய போனைப் பெட்டி உடைக்காமல் அனுப்புவதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஒரு விடயத்தில் அந்த மரியாதை கூடாது. அனுப்புகிறவர் பெட்டியைத் திறந்து, தமது சிம் அட்டையைப் போட்டு, ஐந்து நிமிடங்களுக்கு மேல் அழைப்பில் பேசிய பிறகு அனுப்பட்டும்.

இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022இல் வந்த ஐபோன் 14 முதலும், கனடாவில் 2025இல் வந்த ஐபோன் 17இலும் சிம் அட்டை போடும் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத இ-சிம் மட்டும்தான். இலங்கையில் டயலொக், எஸ்எல்ரி-மொபிடெல் ஆகியவை இ-சிம் வழங்குகின்றன. ஆனால் வீட்டில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கொடுக்கும் போன் என்றால், அது பழுதடையும் நாளில் அட்டையைக் கழற்றிப் பழைய போனில் போடும் வசதி அவர்களுக்கு இருக்காது என்பதை யோசித்த பிறகே அந்த மாதிரியைக் கேளுங்கள்.

கணக்குப் பூட்டு

வலையமைப்புப் பூட்டைவிட அதிகமான போன்களைப் பயனற்றவையாக்குவது இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஆப்பிள் 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 உடனும், கூகுள் 2015இல் அன்ட்ராய்ட் 5.1 உடனும் கொண்டுவந்த பாதுகாப்பு இது. போனை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும், முன்பு அதில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். திருட்டைக் குறைக்க வந்த ஏற்பாடு என்பதில் உண்மை இருக்கிறது, அந்த அளவில் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருடனுக்கும் மருமகனுக்கும் அந்தப் போனுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசத்தை நிறுவும் சுமையை நிறுவனங்கள் முழுக்க முழுக்க நம் தலையில் வைத்திருக்கின்றன.

ஐபோன் என்றால், அனுப்புகிறவர் செட்டிங்ஸில் மேலே தமது பெயரைத் தொட்டு, கீழே உள்ள ‘சைன் அவுட்’ மூலம் கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பின் ‘இரேஸ் ஓல் கொன்டென்ட் அன்ட் செட்டிங்ஸ்’ வழியாக அழிக்க வேண்டும். அன்ட்ராய்ட் என்றால் செட்டிங்ஸிலுள்ள கணக்குகள் பகுதியில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு அங்கிருந்தே அழிக்க வேண்டும். பொத்தான்களை அழுத்திப் பிடித்து அழித்தால் கணக்கின் பிடி அப்படியே இருக்கும். அழித்த பின் ஒருமுறை போனைப் போட்டு, முன்னைய கணக்கைக் கேட்காமல் புதிதாகத் தொடங்க விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

போன் ஏற்கெனவே வந்துவிட்டதென்றாலும் ஐபோனுக்கு வழி உண்டு. அனுப்பியவர் தமது கணினியிலோ போனிலோ ஐகிளவுட் இணையத்தளத்துக்குள் சென்று, ‘ஃபைண்ட் டிவைசஸ்’ பகுதியில் அந்தப் போனைத் தெரிவு செய்து, அழித்து, பின் கணக்கிலிருந்து அகற்றினால் போதும். அவர் கடவுச்சொல்லை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தேவையில்லை, அனுப்பவும் கூடாது. அதே கணக்கில் அவருடைய படங்களும் கட்டண அட்டையும் இருக்கக்கூடும்.

அனுப்பியவருக்கே கடவுச்சொல் மறந்துபோயிருந்தால், வாங்கிய பற்றுச்சீட்டை வைத்து ஆப்பிள் நிறுவனத்திடம் பூட்டை நீக்கக் கோரலாம். பற்றுச்சீட்டில் போனின் தொடர் எண்ணோ ஐஎம்இஐ எண்ணோ இருப்பது அவசியம். வேலைத்தலத்தில் கொடுத்த போன் என்றால் செட்டிங்ஸின் மேற்பகுதியில், இது ஒரு நிறுவனத்தின் மேற்பார்வையில் உள்ளது என்ற அறிவிப்பு தெரியும்; அதை அந்த வேலைத்தலத்தார் மட்டுமே விடுவிக்க முடியும். அப்படியான போனை அன்பளிப்பாகவும் வாங்க வேண்டாம்.

இறந்துபோன ஒருவரின் போன் வீட்டுக்கு வரும்போது துயரத்தோடு இந்தப் பூட்டும் சேர்ந்து வருகிறது. ஐஓஎஸ் 15.2 முதல், ஒருவர் உயிரோடு இருக்கும்போதே ‘லெகசி கொன்டக்ட்’ என்று நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவானவர், பதிவின்போது உருவாகும் திறவுகோல் எண்ணையும் இறப்புச் சான்றிதழையும் காட்டினால், படங்களும் குறிப்புகளும் கிடைக்கும், பூட்டும் நீங்கும். வெளிநாட்டில் தனியாக இருக்கும் வயதான உறவினரிடம் இதைச் சொல்லத் தயங்குவோம். ஆயினும் சொல்லி வையுங்கள்.

இங்கு வந்த பின்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் ஒரு போன் பதிவாகியுள்ளதா என்பதைக் குறுஞ்செய்தியில் அறியலாம். ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்கு அனுப்ப வேண்டும். கடையில் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் கடைக்காரரின் முன்னிலையிலேயே இதைச் செய்யுங்கள். 2025 ஜனவரியில், பதிவில்லாத புதிய போன்களை வலையமைப்புகளோடு இணைக்க விடுவதில்லை என ஆணைக்குழு அறிவித்தது. ஆகவே வெளிநாட்டிலிருந்து போன் வருமுன் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் தொலைபேசி நிறுவனத்திடமோ ஆணைக்குழுவிடமோ விசாரித்துக்கொள்வது நல்லது.

திருத்த வேலை என்று வரும்போது இன்னொரு வகைப் பிடி வெளிப்படுகிறது. திரையையும் பட்டரியையும் கமராவையும் போனின் பிரதான பலகையோடு எண்ணால் இணைத்து வைத்திருக்கிறார்கள். ஐபோன் 11இலிருந்து, நல்ல தரமான வேறொரு திரையைப் போட்டாலும் அது அசலா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவிப்பு வரும். சுற்றுப்புற ஒளிக்கேற்பத் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் ‘ட்ரூ டோன்’ போன்ற வசதி இல்லாமல் போகலாம். இதைப் பார்த்துவிட்டுத் திருத்துநர் ஏமாற்றிவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நுண்ணோக்கியின் கீழ் இருந்து பலகையையே திருத்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களுடைய கையைக் கட்டியிருப்பது போனைச் செய்த நிறுவனம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம் இவ்வாறு பாகங்களை இணைத்து வைப்பதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூன் 20 முதல், அங்கு புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை முடிந்து ஏழு ஆண்டுகள் வரை உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதித்துள்ளது.

நாம் செய்யக்கூடியது இது: திரை மாற்றக் கொடுக்கும்போது, பழைய திரையின் சிப்பை அல்லது அதன் தரவைப் புதியதற்கு மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்திய மாதிரியில் ஐஓஎஸ் 18 இருந்தால், வேறொரு ஐபோனிலிருந்து எடுத்த அசல் பாகத்தைச் செட்டிங்ஸிலுள்ள ‘ரிப்பேர் அசிஸ்டன்ட்’ மூலம் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பாகம் கணக்குப் பூட்டு நீங்காத போனிலிருந்து வந்திருந்தால் ஏற்கப்படாது. பாவித்த ஐபோன் வாங்குகிறவர்கள் அபவுட் பகுதியில் ‘பார்ட்ஸ் அன்ட் சேர்விஸ் ஹிஸ்டரி’ என்ற தலைப்பு தெரிகிறதா என்று பார்த்தால், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

முறையிடுவது

இங்குள்ள கடையில் வாங்கிய போன் என்றால் உங்களுக்குச் சட்டம் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதன் 28ஆம் பிரிவின்படி கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வணிகரின் கடமை. அதில் ஐஎம்இஐ எண்ணையும், ‘வலையமைப்புப் பூட்டும் கணக்குப் பூட்டும் இல்லை’ என்ற வாசகத்தையும், உத்தரவாதக் காலத்தையும் எழுதுவியுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். விலை குறைவாக இருப்பதற்கான காரணம் அந்த மறுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம்; விசாரித்தபின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ வணிகருக்கு அதிகாரசபை கட்டளையிட முடியும். ஆனால் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கிடைத்தாக வேண்டும். காலம் எண்ணப்படுவது பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. ‘அடுத்த கிழமை வாருங்கள்’ என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லும்போது கரைவது உங்களுடைய இந்தக் காலம்தான். இரண்டாம் முறை அப்படிச் சொன்னவுடனேயே கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வாங்கிய திகதி, கடையின் பெயரும் முகவரியும், கொடுத்த விலை, கடைக்காரர் சொன்ன உறுதிமொழி, இப்போது உள்ள குறை, அதை அவருக்கு அறிவித்த நாட்கள், நீங்கள் கோருவது மாற்றுப் போனா பணமா என்பன போதும். கோபத்தை விவரிக்க வேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதியையும், பூட்டைக் காட்டும் திரையின் படத்தையும் இணையுங்கள். அசல்கள் உங்களிடமே இருக்கட்டும். எங்கே ஒப்படைப்பது என்பதை அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் கேட்கலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி அதன் துண்டைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.