பெரும் பூநாரையும் சிறு பூநாரையும்: பாதுகாப்பு நிலையை ஒப்பிடும் முறை

கென்யாவின் பொகோரியா ஏரியில் லட்சக்கணக்கில் கூடி நிற்கும் சிறு பூநாரைகளின் படத்தைப் பார்க்கும் எவருக்கும், இப்பறவைக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றும். உண்மையில், உலகின் பூநாரை இனங்களில் எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கும் இதுவே, பெரும் பூநாரையைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. அதன் காரணத்தைப் படிப்படியாகக் காண்போம்.

படி 1: அலகைப் பாருங்கள்.
பெரும் பூநாரையின் அலகு வெளிர் இளஞ்சிவப்பாகவும் நுனி மட்டும் கறுப்பாகவும் இருக்கும். சிறு பூநாரையின் அலகு அடர்சிவப்பு. தொலைவிலிருந்து முழுக் கறுப்பாகவே தெரியும். உயரத்தை மட்டும் நம்ப வேண்டாம். தனித்து நிற்கும் பறவையின் உயரத்தை மதிப்பிடுவது கடினம்.

படி 2: இரை தேடும் விதத்தைக் கவனியுங்கள்.
பெரும் பூநாரை தலையை நீருக்குள் ஆழ அமிழ்த்தி, சேற்றிலுள்ள சிறு இறால்களையும் புழுக்களையும் வடிகட்டி உண்ணும். சிறு பூநாரையோ அலகைத் தலைகீழாகப் பிடித்து, நீரின் மேற்பரப்பிலிருந்து ஸ்பைருலினா எனப்படும் நுண்பாசியைச் சலித்தெடுக்கும். அப்பாசி செழிப்பது உவர்த்தன்மை மிகுந்த சோடா ஏரிகளில்தான். மழை மிகுந்து கென்யாவின் நக்குரு ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து உவர் நீர்த்தபோது, பாசி குறைந்து, பறவைகள் வேறு ஏரிகளை நாடிச் சென்றன.

படி 3: குஞ்சு பொரிக்கும் இடங்களை எண்ணுங்கள்.
ஒப்பீட்டின் உயிர்நாடி இந்தப் படியே. பெரும் பூநாரை ஆப்பிரிக்காவில் மட்டுமன்றி, தென் ஐரோப்பாவிலும் மேற்கு, தெற்கு ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்கிறது. நம் கோடியக்கரைக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான். சிறு பூநாரைக்கு அத்தகைய பரப்பு இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு பூநாரைகளுக்கு முறையாகக் குஞ்சு பொரிக்கும் இடம் தான்சானியாவின் நேட்ரான் ஏரி ஒன்றே. தோலை அரிக்கும் காரநீருக்கு நடுவே மண்ணைக் குவித்துக் கூடு கட்டி, ஒரே ஒரு முட்டையிடும். அந்தக் காரநீரே நரிகளிடமிருந்து கூட்டைக் காக்கும் அரண். அந்த ஏரியில் சோடாச் சாம்பல் (சோடியம் கார்பனேட்) எடுக்கும் ஆலைத் திட்டம் 2000களின் பிற்பகுதியில் எழுந்தபோது உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது, மிக நியாயமானது.

படி 4: சிவப்புப் பட்டியலோடு பொருத்துங்கள்.
பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் பெரும் பூநாரை 'தீவாய்ப்புக் கவலை குறைந்த இனம்' (Least Concern). சிறு பூநாரை 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்' (Near Threatened). இந்த வேறுபாட்டைப் பதியும்போது, தலைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இனப்பெருக்க ஏரிகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: நேட்ரானை அடுத்து, போட்ஸ்வானாவின் சுவா உப்புப் படுகை, நமீபியாவின் எட்டோஷா, அண்மைக்காலம் வரை தென்னாப்பிரிக்காவின் காம்ஃபர்ஸ் அணை, இந்தியாவின் கட்ச் எனச் சிறு பூநாரையின் பட்டியல் விரைவில் முடிந்துவிடும்.