மோட்டார்ஹோமில் அடிக்கடி அணைந்த ஃபிரிட்ஜ்: என் அனுபவம்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரமாக, டொனெகலில் இருந்து கார்க் வரை சுமார் 2,500 கிலோமீட்டர் நீள்கிறது வைல்ட் அட்லாண்டிக் வே என்ற கடலோரச் சாலைப் பாதை. குடும்பத்தோடு போனபோது, அக்கில் தீவின் கீல் கடற்கரையில் எங்கள் மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வண்டி) ஃபிரிட்ஜ் திரும்பத் திரும்ப அணைந்தது. உள்ளே சின்னவளின் மருந்து. 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். மனசு பதறிவிட்டது.

ஃபிரிட்ஜும் அடுப்பும் ஒரே கேஸ் சிலிண்டரில் ஓடுபவை; அடுப்பு நன்றாக எரிந்ததால் சிலிண்டரில் குறையில்லை. இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. சிறு கேஸ் சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்குகிறது; அந்தச் சுழற்சியில்தான் குளிர் பிறக்கிறது. சுடருக்கு வேண்டிய காற்று, வண்டியின் பக்கச் சுவரிலுள்ள திறப்புகள் வழியே வரும். அந்தப் பக்கம் நேராக அட்லாண்டிக் காற்றைப் பார்த்து நின்றது. சுடர் அணைந்ததும் பாதுகாப்பு வால்வு கேஸை நிறுத்திவிடும் (அருமையான ஏற்பாடு, அதில் கை வைக்கவே கூடாது).

வண்டியைத் திருப்பி, முகப்பைக் காற்றுக்கு எதிரே, திறப்புகளைச் சற்று மறைவாக வைத்தேன். சக்கரத்தடியில் கட்டை கொடுத்து மட்டமும் பார்த்தேன். வண்டி சாய்ந்திருந்தால் கரைசல் சரியாக ஓடாது. அதன்பின் சுடர் நின்று எரிந்தது.

திறப்புகளை அட்டையால் அடைக்காதீர்கள். எரிந்த புகை வெளியேறுவதும் அந்தப் பக்கம்தான். வண்டி ஓடும்போது கேஸை மூடி, ஃபிரிட்ஜை வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்துக்கு மாற்றுங்கள்.