சிறுவர் ஏர் ரைபிளைப் பெரியவர் தோளுக்கு ஏற்றதாக்குதல்

பள்ளி நாளில் வாங்கிய, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் 4.5 மி.மீ. ஏர் ரைபிளை வளர்ந்தபின் தோளில் வைத்தால், பிடியைச் சுற்றிய கட்டைவிரலில் மூக்கு இடிக்கும். குழலும் விரலால் இழுக்கும் விசையும் நல்ல நிலையில் இருந்தால், தோளில் பதியும் மரக்கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உரிமம் தேவைப்படும் துப்பாக்கிகளுக்கு இது பொருந்தாது. அவற்றை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

குழலைச் சற்றே மடக்கி, உள்ளே குண்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகே அளவெடுக்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடு வரையிலான தூரம் சிறுவர் ரைபிளில் ஏறத்தாழ 30 முதல் 32 செ.மீ. இருக்கும்; பெரியவர் பலருக்கு 33 முதல் 36 செ.மீ. தேவைப்படும். முழங்கை மடிப்பில் பின்முனையை வைத்து, ஆட்காட்டி விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது தொடக்கத்துக்குச் சரி, ஆனால் கழுத்தின் நீளம் அதில் தெரியாது. ஆகவே 5 மி.மீ. பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்முனையில் டேப்பால் கட்டிச் சுட்டுப் பார்த்து, தோளுக்குப் பிடித்த நீளத்தை முடிவுசெய்வதே நல்லது.

நீளத்தோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. என் கருத்தில் கன்ன உயரமே அதைவிட முக்கியம். கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழல் முனையிலுள்ள முன்குறி, கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியின் பள்ளத்துக்குள் மூழ்கித் தெரிந்தால் கட்டை தாழ்வு. மேலே துருத்தினால் உயரம். தடித்த துணியை மடித்து ஒட்டி, வேண்டிய உயரத்தைக் கண்டுகொள்ளலாம்.

அளவுகள் தெரிந்தபின் புதிய கட்டைக்கு மரம் தேட வேண்டும்; கடலூரில் அதற்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரங்களை ஏராளமாகச் சாய்த்தும், மிருதங்கத்துக்குப் போகும் பலாக்கட்டையின் பெயர் அங்கே குறையவில்லை. பலாவோ தேக்கோ, நன்கு உலர்ந்ததாக, மெலிந்த பிடிப்பகுதியில் ரேகை நீளவாக்கில் ஓடுவதாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் கட்டை அங்கேதான் முறியும்.

முன்பக்கத் திருகுகளையும் விசைக்காப்பு வளையத்தின் திருகுகளையும் கழற்றினால் இரும்புப் பகுதி தனியே வந்துவிடும். ஸ்பிரிங் இருக்கும் குழாயின் பின்மூடியைத் தொடக்கூடாது. கட்டை இல்லாமல் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கவும் கூடாது. பழைய கட்டையின் வடிவையும் திருகு மையங்களையும் புதிய பலகையில் வரைந்து, உட்பள்ளத்தை உளியால் சிறிது சிறிதாகக் குடைய வேண்டும். இரும்பின் அடியில் கண்மையை மெல்லப் பூசி உட்கார வைத்து எடுத்தால், மை ஒட்டிய இடங்கள் மேடு. அவற்றை மட்டும் செதுக்கினால் போதும். இந்த வேலையில் பொறுமையிழந்து ஓர் இழை அதிகம் குடைந்தால் ரைபிள் ஆட்டம் காணும். குழலை மடக்கும்போது அசையும் நெம்புகோலுக்கு இடம் விட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடற்காற்றின் ஈரம் மரத்தை உப்ப வைக்கும் என்பதால், உட்பள்ளத்திலும் முனைகளிலும் ஆளிவிதை எண்ணெயைப் பல தடவை பூச வேண்டும். எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும், விரித்து உலர்த்துங்கள். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் அதிர்வதால் திருகுகள் எளிதில் தளரும். அவற்றுக்குப் பல் வாஷர் போட்டு, இருபது முப்பது குண்டுகளுக்குப் பிறகு ஒருமுறையும், ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறையும் முறுக்கிவிட வேண்டும்.