டர்போ காருக்கு வீட்டு வாசலிலேயே எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி?

புதுச்சேரியில் நம்மில் பலர் காரை இரண்டு விதமாகத்தான் ஓட்டுகிறோம். வார நாட்களில் லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதி வரை ஊர்ந்து போய் வருவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் மரக்காணம் வரைக்கும் ஒரே மிதி. டர்போ எஞ்சினுக்கு, அதாவது புகையின் வேகத்தில் சுழலும் விசிறியால் காற்றை உள்ளே திணிக்கும் எஞ்சினுக்கு, இந்த இரண்டுமே சோதனைதான்.

மிதித்து ஓட்டினால் ஆயில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் ஓட்டுவதும் கெடுக்கும் என்பதைத்தான் பலர் நம்புவதில்லை. டைரக்ட் இஞ்செக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) பெட்ரோல் எஞ்சின் சூடேறாமல் ஓடும்போது, எரியாத பெட்ரோல் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகிவிட்டது என்று மீட்டர் காட்டினாலும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் வீட்டுக்கே வந்துவிடுகிறோம். கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயில் நீர்த்துக்கொண்டே வரும். அதனால் கம்பெனி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொன்னாலும், ஏழெட்டாயிரத்தில் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வீட்டிலேயே மாற்றினால் ஆயில், ஃபில்டர் செலவோடு முடிந்துவிடும்.

நான் சொல்லப் போவது ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐயை வைத்து. டிஎஸ்ஐ என்பது அந்தக் கம்பெனியின் டர்போ பெட்ரோல் எஞ்சின். 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வேறு டர்போ கார் என்றால் அளவுகள் மாறும், முறை மாறாது. கார் இன்னும் வாரன்டியில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள்.

எந்த ஆயில்?

ஸ்பேனர் பிடிக்கத் தெரிகிறதா என்பதை விட இதுதான் முக்கியம். இந்த எஞ்சினுக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்திருக்கும் ஆயில் தர எண் 502 00. உதிரிபாகக் கடைக்குப் போய், "அண்ணே, ஃபோக்ஸ்வாகன் 502 00 அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-40 இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கடைகளில் வரும் பதில்: "நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் தண்ணி மாதிரி ஓடிடும் சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வெளியே வெயில் 32 டிகிரியோ 40 டிகிரியோ, தெர்மோஸ்டாட் எஞ்சினை ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். 5டபிள்யூ-40இல் வரும் 40 வெயிலின் அளவு அல்ல, 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான குறியீடு. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிர்ந்த எஞ்சினில் அது எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. கெட்டி ஆயிலை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது அங்கே போய்ச் சேரத் தாமதமாகும்.

டப்பாவின் பின்பக்க எழுத்தையும் பொறுமையாகப் படியுங்கள். "502 00 தரத்துக்கு ஏற்றது" என்று இருப்பது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. "அப்ரூவல்" என்று இருந்தால்தான் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. 2020க்குப் பின் வந்த 1.0 லிட்டர் டிஎஸ்ஐக்கு வேறு எண் வரலாம். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். பெயர் பெற்ற பிராண்டுகளில் போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

1.2 டிஎஸ்ஐக்கு நான்கு லிட்டர் கேன் ஒன்று போதும். கூடவே ஆயில் ஃபில்டரும், வாஷரோடு வரும் புது டிரெயின் பிளக்கும் (ஆயில் வடியும் துளையை அடைக்கும் போல்ட்) வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்கி நிறுத்துவது

தேவையானவை: ரேம்ப் (சக்கரம் ஏறி நிற்கும் சாய்மேடை) ஒரு ஜோடி, 19 எம்எம் சாக்கெட், ராட்செட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), ஃபில்டர் கழற்றும் கருவி, ஐந்து லிட்டருக்குக் குறையாத அகலமான பேசின், புனல், கையுறை, பழைய துணி.

ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் காரோடு கொடுத்த ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பெரிய ஹைட்ராலிக் ஜாக்கியாக இருந்தாலும் சரி, காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு கொடுக்காமல் போகக் கூடாது. எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்கினால் நமக்கு நகர நேரம் கிடைக்காது. கடற்கரையோரம் இருக்கிறோம், இரும்பெல்லாம் துருவாகத்தான் போகிறது. ஸ்டாண்டின் பின்னையும் பற்களையும் ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே வையுங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது ரேம்ப்தான். ஒருவர் முன்னால் நின்று "வாங்க, வாங்க, போதும்" என்று சொல்ல, மெதுவாக ஏற்றலாம்.

தரை சமமான சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். செம்மண், மணல் வேண்டவே வேண்டாம். ஏற்றியதும் பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரம் இரண்டுக்கும் கல்லை முட்டுக் கொடுங்கள். காரை லேசாக ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள்.

வடிப்பது

ரேம்பில் ஏற்றுவதற்கு முன் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் இளகி, அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஈசிஆரிலிருந்து வந்த சூட்டோடு கழற்றினால் கை வெந்துவிடும். சம்பை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) தொட்டால் கை தாங்கும் சூடு இருந்தால் சரி.

பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். காற்று போனால் ஆயில் தடையில்லாமல் இறங்கும். அப்புறம் அடியில் போய், கவசத் தட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, டிரெயின் பிளக்கைத் தேடுங்கள். சம்பின் அடியோரத்தில் தனியாக இருக்கும் பெரிய போல்ட். பக்கத்தில் கியர்பாக்ஸிலும் அதே மாதிரி பிளக் இருக்கும், அவசரத்தில் அதைக் கழற்றிவிடாதீர்கள்.

ராட்செட்டால் முதல் முறுக்கை மட்டும் தளர்த்திவிட்டு மீதியைக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போதே பிளக்கை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டால், மரை முடிந்தது கைக்குத் தெரியும். சட்டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளுங்கள். ஆயில் நேராகக் கீழே விழாது. முதலில் விரல் தடிமனுக்கு ஒரு முழம் தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய சம்ப் பக்கமாக நகர்ந்து வரும். பேசினை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தால் வீட்டில் திட்டு விழாது.

தாரை சொட்டாக மாறக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. நறநறவென்று இருந்தாலோ, வெயிலில் பிடித்தால் வெள்ளித்தூள் போல மின்னினாலோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் ஊருக்குள்ளேயே சுற்றிய வண்டி.

ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, தெருவில் நின்ற கார்கள் எத்தனையோ தண்ணீரில் மூழ்கின. அப்படி நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் சாவியைத் தொடாமல் கட்டி இழுத்துப் போவதே மலிவு.

ஃபில்டர்

இந்த எஞ்சினில் ஃபில்டர் மேலேயே இருக்கிறது, பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். சுற்றிலும் துணியைத் திணித்துவிட்டு, ஒரு சுற்று தளர்த்தி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் ஆயில் கீழே இறங்கிவிடும். கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிட்டுக் கொட்டும். புது வளையத்தில் புது ஆயிலை லேசாகத் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அவ்வளவுதான்.

பிளக்கை முறுக்குவது

புதிதாகச் செய்பவர்கள் காரைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் உடம்பு பலத்தையெல்லாம் காட்டுவார்கள். இந்த பிளக்குக்குத் தேவை 30 நியூட்டன் மீட்டர்தான். அதாவது 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அழுத்தம். ஒரு கையால் நிதானமாக இழுத்தாலே வந்துவிடும். அதற்கு மேல் போனால் மரை போய்விடும். பிறகு லேத்துக்கு அலைந்து புது மரை போட வேண்டும், இல்லையென்றால் சம்பையே மாற்ற வேண்டும்.

புது பிளக்கை முதல் நாலைந்து சுற்று கையால்தான் ஏற்ற வேண்டும். கோணலாக ஏறினால் கைக்கே தெரியும். கழற்றி மறுபடி ஏற்றுங்கள். டார்க் ரெஞ்ச் வாங்க மனமில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். ராட்செட்டை வைத்துக் குத்துமதிப்பாகச் செய்வதை நான் சொல்லித்தர மாட்டேன்.

ஊற்றுவது

முதலில் மூன்று லிட்டர் ஊற்றுங்கள். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஃபில்டரிலும் பிளக்கிலும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கார் ரேம்பிலிருந்து இறங்கிச் சமதரையில் நின்ற பிறகே டிப்ஸ்டிக் உண்மை சொல்லும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரை கிளம்பினால் ஆயில் பம்பு காற்றைத்தான் இழுக்கும். அதிகமாகிவிட்டால் ஓட்டாமல், முதலில் கொஞ்சம் வடித்துவிடுங்கள்.

சர்வீஸ் நினைவூட்டலை மீட்டர் பட்டனிலேயே அழிக்கலாம், கையேட்டில் இருக்கிறது.

பழைய ஆயிலைக் காலியான கேனிலேயே ஊற்றி மூடுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. தெருச் சாக்கடையில் கொட்டினால் பெரிய வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போகும். சென்ட்ரிங் பலகையில் பூச யாராவது கேட்பார்கள், அவர்களுக்கும் கொடுக்காதீர்கள். மழை வந்தால் மண்ணில்தான் இறங்கும். பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பழைய ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வடித்து, அதையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

அடுத்த இரண்டு மூன்று நாள் நிறுத்தும் இடத்தில் அட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள். சொட்டு விழுந்தால் பிளக்கா, ஃபில்டரா என்பது விழும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், தனி முறை. அதை இதே சூட்டில் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.