பழைய அரசு மேல்நிலைப் பள்ளியைப் புதுப்பிக்கிறீர்களா? மதிப்பீடு போடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

அரசு மேல்நிலைப் பள்ளியின் பழைய கட்டடத்துக்குப் பணம் வாங்குவது இன்று முன்போலப் பெரும்பாடு இல்லை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பணம் தரலாம். நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மிச்சத்தை அரசு போடுகிறது. இவ்வளவு இருந்தும் இரண்டு மழைக்குள் புது வண்ணத்தின் மேல் ஓதம் பூக்கிறது. புதுக் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. கொத்தனாரைத் திட்டுவதற்கு முன், மதிப்பீட்டுக்கு முந்தைய மாதங்களில் என்ன செய்தோம், யாரைக் கேட்டோம் என்று பார்க்க வேண்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கும்.

கோடையில் கட்டடத்தைக் காட்டுவது

ஏப்ரலில் பொறியாளரை அழைத்து வந்தால் அவர் பார்ப்பது காய்ந்த சுவர். எங்கே ஒழுகுகிறது என்பதை வடகிழக்குப் பருவமழைதான் காட்டிக்கொடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெருமழை பெய்த மறுநாள் காலையில் ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், ஈரம் பட்ட இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் ஈரம் கோட்டைத் தாண்டினால் மறுபடி ஒரு கோடு, மறுபடி ஒரு தேதி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. அந்தக் கோடுகளைப் படம் எடுத்துக் கையில் வைத்திருந்தால், நீர் இறங்குவது தளத்தின் நடுவிலா, கைப்பிடிச் சுவரின் அடியிலா, மழைநீர்க் குழாயின் வாயிலா என்பதில் பாதி அப்போதே தெரிந்துவிடும்.

பள்ளியை ஒரே கட்டடமாக எண்ணுவது அடுத்த பிழை. ஒரே வளாகத்தில் ஓட்டுக் கூரை ஒன்று, மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் ஒன்று, எழுபதுகளில் கம்பி கட்டிப் போட்ட ஆர்.சி.சி. காங்கிரீட் ஒன்று என்று மூன்று தலைமுறை நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நோய் வேறு. மெட்ராஸ் டெரஸில் செங்கலைவிட முதலில் கெடுவது, தேக்கு உத்திரம் சுவருக்குள் போகும் முனை. அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதுவது வெறும் ஊகம். சின்னக் கட்டுமானங்களையும் பட்டியலில் விடக்கூடாது: சுற்றுச்சுவர், சைக்கிள் ஷெட், தண்ணீர்த் தொட்டி நிற்கும் தூண்கள், யாரும் புழங்காத மேடை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் 3 மாணவர்கள் இறந்தது கழிப்பறைச் சுவர் இடிந்துதான்.

ஆர்.சி.சி. தளத்தில் காங்கிரீட்டின் வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹாமரை வைத்து அழுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவது வழக்கமாகிவிட்டது. பழைய காங்கிரீட்டில் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஊறி மேற்பரப்பு இறுகியிருப்பதால் இருப்பதைவிடக் கூடுதல் வலிமை காட்டும். அதே கார்பனேட் ஆதல்தான் காங்கிரீட்டின் காரத்தைக் குறைத்து, உள்ளே கம்பியைத் துருவுக்குத் திறந்துவிடுகிறது. ஒரு மூலையைக் கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால், அடிப்பூச்சு வேலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காங்கிரீட்டுக்குள் ஒலியலை போகும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் அந்தக் காங்கிரீட் தரம் குறைந்தது.

ஒழுகும் தளத்தின் மேல் இன்னொரு தளம்

அதிகம் நடப்பதும் அதிகம் ஆபத்தானதும் இதுதான். பழைய தட்டோடு வெடித்திருக்கிறது. அதைப் பெயர்க்கக் கூலி ஆகும் என்று அதன் மேலேயே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் புது ஓடு பதிக்கிறார்கள். 10 செ.மீ. கனத்துக்கு இது சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ. ஆள் புழங்கும் மொட்டைமாடிக்கு கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 ஒதுக்கும் புழங்கு பாரமே 150 கிலோதான். 6 மீட்டருக்கு 6 மீட்டர் வகுப்பறை என்றால், துருப்பிடித்த கம்பியின் தலையில் ஏறக்குறைய 7 டன் கூடுதல் சுமை. அடியில் காரை உதிரும் தளத்துக்கு மேலே இதைச் செய்வதைவிட ஒழுக விடுவதே மேல்.

சரியான வரிசை இது: பழைய அடுக்கை முழுக்கப் பெயர்த்து இறக்குவது, அடியில் உதிரும் காங்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுப்பது, துருவைத் தேய்த்து மிச்ச விட்டத்தை அளப்பது, இளைத்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டுவது, அதன் பிறகே பூச்சும் புது அடுக்கும். மதிப்பீட்டில் 'பழைய அடுக்கை அகற்றுதல்' என்று தனி வரி இருக்கிறதா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். அந்த வரி இல்லையென்றால் எதற்காக விட்டார்கள் என்று கேளுங்கள்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சும் எனாமலும் அடிப்பதும் இதே ரகம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சு ஓரிரு ஆண்டில் பாளம் பாளமாகக் கழன்று வரும். அங்கே சுண்ணாம்புப் பூச்சுதான் போட வேண்டும்.

கழிப்பறையை விதிப்படி மட்டும் எண்ணுவது

40 பேருக்கு ஒன்று என்பது விதி. 400 மாணவிகள் என்றால் 10 அறை, வேலை முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். மணி அடிக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடைவேளை 10 நிமிடம், ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் ஓர் அறைக்கு 5 பேர். 10 அறைக்கு 50 பேர். பாதி மாணவிகள் வந்தாலே 200 பேர், 40 அறை வேண்டும். அதனால்தான் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். 40 அறை யாரும் கட்டப்போவதில்லை. ஆனால் 6 முதல் 8 வரை, 9-10, 11-12 என மூன்று வேளையாக இடைவேளையைப் பிரித்தால் ஒரு வேளைக்கு 67 பேர்தான். 14 அறை போதும். நாலு அறையின் செலவும் ஒரு மணி அட்டவணையும் சேர்ந்து முடிக்கிற காரியம். இதைத் தலைமையாசிரியரிடம் பேசாமல் வரைபடம் மட்டும் தீர்க்காது.

தண்ணீருக்கு, பகல்நேரப் பள்ளியில் தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது கணக்கு. 800 பேருக்கு 36,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை மேலே வைத்துவிட்டு 'தண்ணீர் வசதி உண்டு' என்று எழுதுவது பொய்க்கணக்கு.

"என்ன வேணும்?" என்று கேட்பது

இப்படிக் கேட்டால் வரும் பதில் தெரிந்ததே: நுழைவு வளைவு, கலையரங்கம், ஸ்மார்ட் வகுப்பறை. முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் வளைவுக்கு முதலிடம். கல்வெட்டு வைக்க வசதியான கட்டுமானம் அது. செப்டிக் டேங்குக்கு நன்கொடையாளர் பெயர் பொறிக்க யாரும் கேட்பதில்லை.

கேள்வியை இடத்தோடும் நேரத்தோடும் கட்டுங்கள். மழை பெய்தால் எந்த வகுப்பு இடம் மாறுகிறது? எந்த வாசலில் எப்போது நெரிசல்? எந்த மூலைக்குப் போகப் பயம்? மாணவிகளிடம் ஆசிரியை ஒருவர் தனியாக, பெயர் எழுதாத சீட்டில் கேட்க வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கதவு, மைதானத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு, நாப்கின் போட வழியில்லாதது எல்லாம் பொதுக்கூட்டத்தில் வராது. தூய்மைப் பணியாளரிடம் கேட்டால் தரைச் சரிவு எங்கே தப்பாக இருக்கிறது, குழாய் எந்த இடத்தில் அடைக்கிறது என்று நின்ற இடத்திலேயே சொல்வார். சத்துணவுச் சமையலரையும் இரவுக் காவலரையும் மறக்காதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். ஆனால் வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? ஞாயிறு மாலை வையுங்கள். காலனிக்கும் தொலைவிலுள்ள தெருக்களுக்கும் தனித்தனியாகப் போய் உட்காருங்கள்.

முன்னுரிமை பார்க்க, வேலைகளைப் படமாக வரைந்து தரையில் பரப்பி ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். 5 லட்ச வேலைக்கு இரண்டு கொட்டை, 10 லட்ச வேலைக்கு நாலு என்று விலையோடு வைத்தால் ஆசையும் அளவுக்கு வந்துவிடும். ஒன்று முக்கியம்: தளம், மின்சாரம், தப்பிக்கும் வழி இவற்றை வாக்குக்கு விடாதீர்கள். அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குத்தான் கொட்டை. ஏற்காத கோரிக்கைகளைக் காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

சில்லறையாகத் தோன்றுபவை

மாடி வகுப்பறையை நூலகமாக்கும்போது பாரம் பார்ப்பதில்லை. வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ, புத்தக அடுக்கு அறைக்கு 600 கிலோ. நூலகத்தைக் கீழே வையுங்கள். சாய்தளம் 12-க்கு 1. இரண்டு அடி உயரத் தரைக்கு 24 அடி நீளம் வேண்டும். ஆறடியில் முடித்தால் அதில் சக்கர நாற்காலி ஏறாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. கிரில் போட்டுப் பூட்டிய இரண்டாம் படிக்கட்டு இன்னும் போகவில்லை.

கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்பது

விடுமுறை நன்றாகக் கிடைத்தால் ஆறு வாரம். ஒரு தளத்தை மாற்றவே இடிப்பது, சென்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது என்று இரண்டு மூன்று வாரம் போய்விடும். போட்ட பிறகு 4.5 மீட்டருக்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாள் முட்டு எடுக்கக் கூடாது. இன்று கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். பிறகு மேலடுக்கு, பூச்சு, ஒயரிங். மூன்று மாதத்துக்குக் குறையாது. அவசரத்தில் முட்டுகளை முன்னதாக உருவினால் தளம் தொய்யும்.

எனவே எந்தக் கட்டடம் முதலில், அந்த வகுப்புகள் எங்கே உட்காரும் என்பதை ஒப்பந்தப் புள்ளிக்கு முன்பே எழுதி வையுங்கள். செப்டம்பருக்குப் பிறகு எந்தத் தளத்தையும் திறக்க வேண்டாம். வேலையிடத்தைத் தகரத் தடுப்பால் பிரித்து, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் லாரி நுழையக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி பொதுத்தேர்வு மையமாக இருந்தால் மார்ச் மாதத்துக்கும், வாக்குச்சாவடியாக இருந்தால் தேர்தலுக்கும் எந்தெந்த அறைகளை ஒப்படைக்க வேண்டும் என்பதை அதே அட்டவணையில் குறித்துவிடுங்கள்.