தமிழாகத் தெரிவதெல்லாம் தமிழ் அல்ல: வலைத்தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான தம்பி ஒருவர் தான் வடிவமைத்த வலைத்தளத்தைக் காட்டினார். நான் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளை, ஓடவிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகளை அவர் ஒன்று விடாமல் செய்திருந்தார். படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரையை எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது, அதை விடுகிறேன்.

பழைய எழுத்துருவில் ஏற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தாம் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுவிடுகிறது. 'அம்மா' என்று நாம் படிக்கும் இடத்தில், எழுத்தெழுத்தாகக் கேட்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும்.

2014இல் ஒரு கல்வி அறக்கட்டளையின் உதவித்தொகை அறிவிப்பை ஏற்றினேன். அச்சகத்திலிருந்து பேஜ்மேக்கரில் செய்த பிடிஎஃப் வந்தது. பார்க்க அழகாக இருந்தது, அப்படியே போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், கடைசித் தேதி என்ன?" என்றார். "அறிவிப்பிலேயே தமிழில் இருக்கிறதே, படித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "எனக்குப் பார்வை இல்லை சார். கணினி ஏதோ உளறுகிறது. எண்கள் மட்டும் புரிகின்றன" என்றார். நடுவில் ஒரு பதினைந்து வந்ததாம், பிறகு ஓர் ஐயாயிரம். பதினைந்து என்பது தேதியா, தேவைப்படும் சான்றிதழ்களின் எண்ணிக்கையா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் செய்த 'திருத்தம்' அதைவிட மோசம். பிடிஎஃப்தான் சிக்கல் என்று நினைத்து, அறிவிப்பைப் படமாக்கி ஏற்றினேன். படத்தில் திரைவாசிப்பான் படிக்க எழுத்தே இல்லை. அதுவரை கேட்ட பதினைந்தும் ஐயாயிரமும்கூட அவருக்குக் கேட்காமல் போயின.

தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு தரமாக ஏற்றது 2010இல். அச்சகங்களிலிருந்து வரும் கோப்புகள் பல இன்னும் பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. அறுபது பக்க ஆண்டறிக்கையைப் பிறகு மாற்றுவது என்றால் மாற்றிக் கருவியில் போட்டு எடுத்தால் மட்டும் போதாது. வரி வரியாகப் பிழை திருத்த வேண்டும். அந்தச் செலவை வாடிக்கையாளர் தரமாட்டார். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பை விழுந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அரை நிமிட வேலை. தம்பியின் தளத்திலும் இப்படி ஒரு பிடிஎஃப் இருந்தது. "தமிழ் நன்றாகத்தானே தெரிகிறது, அண்ணா?" என்றார். நானும் அன்று அதைத்தானே சொன்னேன்!

ஒருங்குறியிலும் வழுக்கும் இடம்

'கௌரவம்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'கெளரவம்' என்று அடிக்கிறார்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ, அதன்பின் தனி ள. கண் கண்டுகொள்ளாது, காதுக்கு வேறு சொல். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் '௭' உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அது ஏழு. தேடினாலும் அந்தச் சொல் அகப்படாது.

மொழிக் குறியீடு

பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வது இது. வார்ப்புருவில் வந்த ஆங்கிலக் குறியீட்டை (en) தமிழுக்கு (ta) மாற்றுங்கள். இரண்டே எழுத்து. இல்லாவிட்டால் உங்கள் தமிழை ஆங்கிலக் குரல் படிக்க முயன்று தோற்கும்.

'இங்கே சொடுக்கவும்'

திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்க முடியும். இங்கே, இங்கே, இங்கே, இங்கே.

சுட்டி இல்லாமல் நகராத படிவம்

சுட்டியைக் கழற்றிவிட்டு, டேப் விசையால் மட்டும் விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று காட்டும் நீலக் கோடு அசிங்கமாக இருக்கிறது என்று அதை நீக்கியவன் நான். கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க முடியாத ஒருவர், தாம் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் எப்படி நிரப்புவார்?

'கண் சிமிட்டுங்கள்'

ஆளை உறுதிசெய்ய இந்த ஒரே வழியை வைக்காதீர்கள். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்கள் இதனால் கேஒய்சி எனும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை முடிக்க முடியாமல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

வெளிர்சாம்பல் எழுத்து

சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது. புள்ளி மங்கினால் 'கல்' 'கல' ஆகிவிடும்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்ற விளம்பரம்

ஆகாது. ஒரு வாடிக்கையாளர் அப்படிப்பட்ட கருவி ஒன்றை வாங்கி மாட்டினார். தளத்தின் மூலையில் வந்து உட்கார்ந்த அந்தப் பொத்தானுக்கே பெயர் வைக்கப்படவில்லை. திரைவாசிப்பான் "பொத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது.