64 கேபிக்குள் ஒரு கேம்

பரணைக் குடைந்து பழைய நோக்கியா 6610-ஐ எடுத்து வந்த அக்கா மகன், "மாமா, இதுல ஓடுற கேம் நான் எழுத முடியுமா?" என்றான். 2004-ல் எனக்குச் சோறு போட்ட வேலையே அதுதான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஃபோனுக்கு கேம் எழுதப் பல தளங்கள்: குவால்காமின் ப்ரூ இருந்தது, நோக்கியா 6600 போன்றவற்றுக்கு சிம்பியன் சி++ இருந்தது, ஜப்பானில் டோகோமோவின் டோஜா இருந்தது. 6610-க்கு ஒரே வழி ஜேடுஎம்இ (சிறு கருவிகளுக்கான ஜாவா), அதிலும் எம்ஐடிபி 1.0 (ஃபோன் நிரல்களுக்கான அதன் நூலகத் தொகுப்பு). கேம் படங்களை வரைவதற்கென்றே உள்ள ஸ்ப்ரைட், கேம்கேன்வாஸ் எல்லாம் 2002 கடைசியில் வந்த 2.0-ல்தான். இங்கே எல்லாம் கையால்தான்.

தேவையானவை: ஜாவா கம்பைலர் உள்ள ஜேடிகே 8 (அதற்குப் பிந்தையவை இவ்வளவு பழைய டார்கெட்டுக்கு கம்பைல் செய்யாது), ஃபோன் நூலகங்களும் எமுலேட்டரும் உள்ள சன் வயர்லெஸ் டூல்கிட் 2.5.2, கோடைச் சுருக்கும் ப்ரோகார்ட். சோர்ஸ் 1.3, டார்கெட் 1.1 என்று கொடுங்கள். ப்ரோகார்டில் மைக்ரோஎடிஷன் ஆப்ஷனைப் போட்டால் ஃபோன் எதிர்பார்க்கும் ப்ரீவெரிஃபை (கோடை முன்கூட்டியே சரிபார்க்கும்) வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

கதை, லெவல் எல்லாம் யோசிக்கும் முன் ஒரு கணக்கு. ஜார் ஃபைல் (கேம் முழுவதையும் அடைத்த தொகுப்பு) 64 கேபியைத் தாண்டக் கூடாது. அதை முதலில் தின்பது படங்கள். நான்கு எழுத்தில் பெயர் வைத்த ஒரு குட்டி பிஎன்ஜிகூட, 16 நிறப் பட்டியல், பிஎன்ஜி தலைப்புகள், ஜாருக்குள் அதற்கான பதிவு என்று ஒரு புள்ளி வரையும் முன்பே 200 பைட் கேட்கும். தனித்தனியாக 40 படம் வைத்தால் 8 கேபி காற்றில் போச்சு! எல்லா ஃப்ரேமையும் ஒரே நீளப் படமாக ஒட்டுங்கள். வரையும்போது, வரையும் பகுதியைக் கட்டுப்படுத்தும் setClip-ஐ 16x16 ஜன்னலாக வைத்து, படத்தை ஃப்ரேம் எண் × 16 அளவு இடப்பக்கம் தள்ளி வரைந்தால் போதும்.

கிளாஸ்களுக்கும் இதே கணக்குதான், ஒவ்வொன்றும் ஜாரில் தனி ஃபைல். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி எதிரிக்கு ஒன்று, குண்டுக்கு ஒன்று என்று கிளாஸ் எழுதாதீர்கள். ஒரு மிட்லெட் (நிரலின் நுழைவாயில்), ஒரு கேன்வாஸ் (வரையும் திரை), மற்றதெல்லாம் int அரேக்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃப்ளோட் (தசம எண்) கிடையாது. நிலை, வேகம் எல்லாவற்றையும் 256-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை பிக்சல் என்றால் 384. வரையும்போது மட்டும் >>8 போட்டு 256-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஹீப் (நிரல் ஓடும்போது கிடைக்கும் நினைவகம்) சுமார் 200 கேபி. 128x128 திரை அளவுக்கு ஒரு மறைபடம் (திரைக்குப் பின்னால் வரைந்துவைக்கும் படம்) எடுத்தாலே, புள்ளிக்கு 2 பைட் வீதம் 32 கேபி போய்விடும். அதனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். லூப்புக்குள் new எழுதிப் புதிது புதிதாக இடம் எடுத்தால், சற்று நேரத்தில் குப்பை அள்ளுவதற்காக (வீணான நினைவகத்தை மீட்பதற்காக) கேம் திக்கித் திக்கி நிற்கும். குண்டுகளுக்கான இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

நடுவில் கால் வந்தால்? மிட்லெட்டின் pauseApp-ஐ நம்பாதீர்கள், சில ஃபோன்கள் அதை அழைக்கவே அழைக்காது. திரை மறையும்போது அழைக்கப்படும் கேன்வாஸின் hideNotify-யில் லூப்பை நிறுத்தி, ஸ்கோரை ஃபோனின் சேமிப்பிடமான ரெக்கார்ட்ஸ்டோரில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஜாட் ஃபைல், அதாவது ஜாரைப் பற்றிய விவரக் குறிப்பு. அதிலுள்ள MIDlet-Jar-Size, ஜாரின் அளவோடு பைட் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒருமுறை வாடிக்கையாளரிடம் காட்டப் போகும் முந்தைய இரவு ஒரே ஒரு படத்தை மாற்றினேன், ஜாட்டை மறந்துவிட்டேன். மறுநாள் அவர் மேசையில் ஃபோன் இன்ஸ்டால் செய்ய மறுத்தது. நான் நோட்பேடைத் திறந்து எண்ணைத் திருத்தி, இன்ஃப்ராரெட்டில் மறுபடி அனுப்பி முடிப்பதற்குள் அவர் சாப்பிடக் கிளம்பியிருந்தார்.